எல்சிக்காக நான் திறந்த கடல்

தை மாதம். ராயபுரத்துக் கடல் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை மாதிரி கிடக்கிறது. அலை வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. மீன் துள்ளுவது கரையிலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது. கடற்காக்கைகள் கூட்டமாக இறங்கி இறங்கி எழுகின்றன.

எங்கள் கட்டுமரங்கள் அத்தனையும் கயிறு அவிழ்த்து மணலில் கிடக்கின்றன. பெண்கள் நாங்கள் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம். எந்த வீட்டுக் கூரையிலும் புகை இல்லை.

என் பக்கத்தில் ராணி. பக்கத்து வீட்டுக்காரி. அவள் மடியில் கைக்குழந்தை. அது அழுதால்கூடத் தேவலை. வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, சத்தம் வரவில்லை.

“ஏய் பவுனு,” என்றாள் கடலைப் பார்த்தபடியே. “உன் தங்கச்சி எப்போடி வாயத் தொறப்பா? எம்மா நாளுக்கு இப்டியே குந்திகினு கீறது?”

அந்தத் தங்கச்சி பூமிக்கு அந்தப் பக்கம், பனி பெய்யும் ஊரில் இருந்தாள். அவள் முகத்தை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அவள் புருஷன் கடலில் செத்துப்போனதற்காக எங்கள் குப்பம் கடலில் இறங்காமல் பட்டினி கிடந்தது. அவள் வாயால் ஒரு வார்த்தை வந்தால் இறங்கலாம். அதைச் சொல்ல வேண்டியது தான்தான் என்று அவளுக்கே தெரியாது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் முதலில் இருந்து சொல்கிறேன்.

கப்பல் விட்டுப்போன ஆள்

போன வாரத்துக் கதையை என் கலியாணத்தோடு நிறுத்தினேன். இது அதற்குச் சில வருஷம் கழித்து. வெள்ளைக்காரன் போய்விட்டான். ஆனாலும் துறைமுகத்துக்கு எல்லாக் கொடிக் கப்பலும் வந்துகொண்டுதான் இருந்தது.

அப்படி வந்த ஒரு கப்பலில் வேலை செய்த ஆள் நீல்ஸ். விஷக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். கப்பல் காத்திருக்குமா? போய்விட்டது. காய்ச்சல் விட்டதும் ஆஸ்பத்திரியிலும் வெளியே அனுப்பிவிட்டார்கள். போக்கிடம் இல்லாமல் ரோட்டில் உட்கார்ந்திருந்தவனை ஞானமுத்து அண்ணாச்சி கூட்டி வந்து, தன் கயிற்றுக் கிடங்கின் மாடியில் படுக்க வைத்தார்.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர். குப்பத்துக்கு வேண்டிய கயிறு, முள், வலை நூல் எல்லாம் அவர் கடையில்தான். இங்கிலீஷ் படித்தவர். பேச்சு மட்டும் ஊர்ப் பேச்சு. இத்தனை வருஷம் மெட்ராஸில் இருந்தும் ஒரு ‘கீது’ அவர் வாயில் வந்ததில்லை.

“பவுனம்மா, அந்தப் பய ஒண்ணும் திங்க மாட்டேங்கான். நாங்க ஆக்குத ஒறப்பு அவனுக்கு ஆகல. மொளகாய் போடாம ஒரு மீன் சாறு வச்சிக் குடுப்பியளா?” என்று கேட்டார்.

மிளகாய் இல்லாத சாற்றை நாங்கள் பிள்ளை பெற்றவளுக்குத்தான் வைப்போம். அதையே வைத்துக் கொண்டுபோனேன். அவன் குடித்தான். மறுநாளும் குடித்தான். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் நேரே கரைக்கு வந்தான். என் வீட்டுக்காரர் எத்திராசு வலை கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே மறு முனையை எடுத்துக் கட்ட ஆரம்பித்தான்.

அவன் முடிச்சும் எங்கள் முடிச்சும் ஒன்றாகவே இருந்தது.

“அட, இவன் நம்மாளுடா,” என்றார் என் வீட்டுக்காரர். அன்றிலிருந்து அவன் பெயர் நீலு.

அவன் ஊரும் மீன் பிடிக்கிற ஊர்தானாம். எல்ஹாவன் என்று பெயர். வேறு கப்பல் கிடைத்துப் போகிற அன்று அவன் அழவில்லை. அண்ணாச்சி கையையும் என் வீட்டுக்காரர் கையையும் பிடித்துக் குலுக்கினான். என்னைப் பார்த்து மட்டும் கும்பிட்டான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

அக்காவா, தங்கச்சியா

அவன் ஊருக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. ஊரைக் கூட்டிச் சொல்லியிருக்கிறான். அந்தக் காலத்தில் அவர்கள் நாட்டில் ஊருக்கு ஊர் உறவு வைத்துக்கொள்ளும் வழக்கம் கிளம்பியிருந்ததாம். பெரிய யுத்தத்தில் அடித்துக்கொண்டவர்கள், இனிமேலாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்போம் என்று. எங்கள் ஊரும் உங்கள் ஊரும் சகோதரிகளாக இருப்போமா என்று கேட்டு எழுதினார்கள்.

அண்ணாச்சி அதைக் குப்பத்துக் கூட்டத்தில் படித்தார். முதலில் வந்த கேள்வி: யார் அக்கா, யார் தங்கச்சி?

“அதெல்லாம் அவ்வோ எழுதலியே. சகோதரின்னுதான் போட்டிருக்கு,” என்றார் அண்ணாச்சி.

“அதெப்படி அண்ணாச்சி? அக்கான்னா சீரு செய்யணும். தங்கச்சின்னா வாங்கிக்கணும். ஒண்ணு தெரியாம எப்டி ஒறவு வெக்கிறது?” என்றார் வீராசாமி நாட்டார். குப்பத்துத் தலைவரை எங்களில் நாட்டார் என்போம். அவர் சொன்னால் அது தீர்ப்பு.

“நாமதான் நைனா அக்கா. நாமதான மொதல்ல சோறு போட்டோம்,” என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். அப்படித்தான் நாங்கள் அக்கா ஊர் ஆனோம். எல்ஹாவன்காரர்களுக்கு இது கடைசிவரை தெரியாது.

சர்க்கார் ஆள் ஒருவரும் இதில் இல்லை. அண்ணாச்சி கடை வாசலில் ‘சகோதரி ஊர்ச் சங்கம்’ என்று பலகை மாட்டினோம். செலவுக்கு ஒவ்வொரு மரமும் கரை ஏறும்போது ஒரு கை மீன் சங்கத்துக்கு என்று எடுத்து வைத்தோம். அதை நானும் ராணியும் கூடையில் விற்றோம். என் வீட்டுக்காரர் சின்னதாக ஒரு கட்டுமரம் செதுக்கினார். அதையும் நல்ல வஞ்சிரக் கருவாட்டையும் கட்டி அனுப்பப் போனபோது, தபாலாபீஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இன்னாம்மா, உள்ள பொணமா கீது?” என்று கேட்டான் ஒருவன்.

“ஒங்க ஆயா கீறாங்கோ, பத்தரமா அனுப்பு,” என்றாள் ராணி. அவளுக்கு அப்போது அப்படி வாய்.

அவர்கள் பக்கத்துப் பெண்கள் கம்பளித் தொப்பி பின்னி மூட்டையாக அனுப்பினார்கள். சித்திரை வெயிலில் குப்பத்துப் பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு திரிந்து தலையெல்லாம் வேர்க்குரு. என் வீட்டுக்காரர் தன் தொப்பியைத் தூண்டில் முள் போடும் பையாக ஆக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வீடு ஜோடி சேர்ப்பது என்று அடுத்த யோசனை வந்தது. அங்கே ஒரு குடும்பம், இங்கே ஒரு குடும்பம். எங்கள் வீட்டுக்கு நீலு வீடுதான் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் பெண்சாதி எல்சியின் படம் வந்தது. என்னைவிடச் சின்னவள். சிரித்த முகம், முன்பல் ஒன்று லேசாகத் தூக்கல். என் தங்கச்சி என்று குப்பம் முழுக்கக் காட்டினேன்.

எல்லாம் கூடி வந்த பிறகு நாட்டார் குப்பத்தைக் கரைக்கு அழைத்தார். ஈர மணலைக் கையில் அள்ளி, கடலைப் பார்த்துச் சொன்னார்: “இன்னிலேர்ந்து அவங்க நல்லது நம்ம நல்லது. அவங்க சாவு நம்ம சாவு.” அண்ணாச்சி அதை இங்கிலீஷில் எழுதிப் போட்டார். எங்களுக்கும் சம்மதம் என்று அங்கிருந்து பதில் வந்தது.

நல்ல வார்த்தை என்று நினைத்துச் சம்மதித்தார்கள். எங்கள் வழக்கம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கடல் மூடுவது, கடல் திறப்பது

அந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்கே தெரியாது.

குப்பத்து ஆள் கடலில் போய்விட்டால் நாட்டார் கடலை மூடுவார். ஒரு மரமும் இறங்கக் கூடாது. உடம்பு கரை ஒதுங்கினால் அடக்கம் செய்த மறுநாள் கடல் தானாகத் திறக்கும். உடம்பு கிடைக்கவில்லை என்றால் போனவனின் பெண்சாதி வந்துதான் திறக்க வேண்டும். தலையோடு கடலில் முழுகி எழுந்து, தலைப்பூவை எடுத்துப் போட்டு, முதல் மரத்தின் முனையில் இருக்கும் தலைக்கட்டையில் கைவளையலை உடைத்து, “எடுத்தது போதும், எங்க ஆளுங்களுக்கு வழி வுடு” என்று கடலுக்குச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மரம் இறங்கும். ஒரு பெண் ஆயுசில் ஒரு முறைதான் அதைச் சொல்லலாம். தன் ஆளுக்காக மட்டும்.

நான் பிறந்தது எண்ணூரில், முகத்துவாரக்குப்பத்தில். யுத்த காலத்தில் குண்டு விழும் என்று மெட்ராஸே பயந்து காலியானபோது நாங்கள் எங்கே போவது? அந்தச் சமயத்தில்தான் என் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடம்பும் வரவில்லை. என் அம்மா கடலைத் திறக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

பெரியவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். கெஞ்சினார்கள், திட்டினார்கள். “அவரு வரட்டும்” என்பாள். வேறு பேச்சு இல்லை. எங்களில் மற்ற எல்லா வார்த்தையும் ஆண்பிள்ளைகளுடையது. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவர்கள் ஒரு பெண்ணின் வாசலில் நிற்க வேண்டும். கடைசியில் நான் சேற்றில் மட்டி பொறுக்கிப் பச்சையாகத் தின்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். அவள் வளையலை உடைத்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சின்னச் சத்தம்தான்.

தந்தி

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழையில் குப்பம் ஏற்கெனவே வயிறு காய்ந்து போயிருந்தது. தை பிறந்து கடல் தெளிந்து, இனிமேல் நாலு காசு பார்க்கலாம் என்று மரங்களைத் தயார் செய்த நேரம். அண்ணாச்சி தந்தியோடு வந்தார். வெற்றிலை போடுகிற வாய் அன்று காய்ந்திருந்தது.

நீலு போன படகு திரும்பவில்லை. உடம்பு கிடைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் வலையை அப்படியே மணலில் போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நாட்டார் எழுந்தார். “நம்ம வூட்டு சாவு. கடல் மூடியாச்சு,” என்றார்.

ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. எந்த ஊர் இன்னொரு ஊருக்காக இப்படி நின்றிருக்கிறது?

பெருமை வயிற்றுக்குள் எத்தனை நாள் நிற்கும்? பக்கத்துக் குப்பத்து மரங்கள் எங்கள் கண்ணெதிரே போய்ப் போய் நிறைய மீனோடு வந்தன. கரையோரமாகப் போகும்போது வேண்டுமென்றே சத்தம் போடுவார்கள்.

“இன்னா மாமு, தொர செத்ததுக்கு துக்கம் கொண்டாடுறீங்களா? அவன் உங்களுக்கு மாமனா மச்சானா?”

“ஆமாண்டா, மச்சான்தான். உனக்கு இன்னா பேஜாரு?” என்று கத்துவார் என் வீட்டுக்காரர்.

ஆண்கள் துறைமுக வாசலில் மூட்டை தூக்கக் காத்து நின்றார்கள். அங்கே மேஸ்திரிகளுக்கு அவரவர் ஆள் இருந்தது. சிலர் திருவொற்றியூர் வரை நடந்து ஆலை வாசல்களில் நின்றுவிட்டுச் சங்கு ஊதியதும் திரும்பினார்கள். மழைக்கே பானையைத் துடைத்துவிட்ட வீடுகள். கடன் கொடுக்கிற கைகளும் ஓய்ந்துவிட்டன. அண்ணாச்சி தன் வீட்டு அரிசியைக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். ஒரு குப்பத்துக்கு ஒரு வீட்டு அரிசி எத்தனை நாள்?

அவர்தான் எல்ஹாவனுக்குத் தந்தி கொடுத்தார். எங்கள் வழக்கத்தை விளக்கி, எல்சி அனுமதி கொடுத்தால் நாங்கள் கடலுக்குப் போகலாம் என்று. உங்கள் அனுதாபத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. மறுபடி கொடுத்தார். மறுபடி காத்திருந்தோம். கடைசியில் வந்தது: போங்கள் என்று எல்சி சொல்கிறாள்.

அண்ணாச்சி அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். நாட்டார் வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. திருப்பிக் கொடுத்தார்.

“காயிதம் சொல்லுது அண்ணாச்சி. பொம்பள சொல்லணும். கடலுக்குக் காயிதம் படிக்கத் தெரியாது.”

“என்னவே பேசுதீரு? அவ எப்படி இங்க வருவா? பறந்து வருவாளா? பிள்ளையள்லாம் சுருண்டு கெடக்கு பாத்துக்கிடும்!”

“அவ வர வேணாம். அவளுக்கு இங்க ஒரு அக்கா கீறா இல்ல?”

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ராணி வீட்டில்

முதலில் நான் முடியாது என்றேன். எனக்கு என்ன பைத்தியமா? என் புருஷன் உயிரோடு இருக்கிறார். தாலி கட்டினவன் கண்ணெதிரே நின்று எந்தப் பெண் வளையலை உடைப்பாள்? என் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு, “என் புள்ளைய கடலுக்குத் தூக்கிக் குடுக்கறதுக்கா உன்ன கட்டிகினு வந்தேன்?” என்று வாசலில் விழுந்து கிடந்தாள்.

“நீ பண்ணாத பவுனு. யாரும் கேக்க முடியாது,” என்றார் நாட்டார். அதைச் சொல்லிவிட்டு அவரும் போகவில்லை. என் அம்மா வாசலில் நின்றவர்களைப் போலவே நின்றார்.

அன்று பொழுது சாயும் நேரம் ராணி வீட்டில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மார்பை அதன் வாயில் வைத்து வைத்து எடுக்கிறாள். “குட்ரா கண்ணு, குட்ரா” என்கிறாள். குழந்தை போய் வெகுநேரம் ஆகியிருந்தது. தொட்டேன், குளிர்ந்திருந்தது.

கைக்குழந்தை சாவுக்குக் கடல் மூடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. துணியில் சுற்றிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். ஒரு முறையும் இல்லை, ஒரு பறையும் இல்லை.

நான் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “நான் தொறக்கப் போறேன்.”

அவர் பீடியை அணைத்தார். “சரி.”

“இன்னா சரி? உங்களுக்குப் பயமா இல்லியா?”

“பயந்தா மட்டும் சாவு எதிர்ல வராதா?” என்றார். “ஆனா ஒண்ணு பவுனு. ஒருத்தி ஒருக்காதான் தொறக்கலாம். நாளைக்கி நான் போய்ட்டா எனக்குத் தொறக்க உனக்கு வாய் இருக்காது.”

“அப்போ இன்னா பண்றது?”

“எனக்கு கடலே மூட வேணாம்னு சொல்லிடு. அவனவன் பொழப்பப் பாக்கட்டும்.” சிரித்தார். அவர் சிரித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அன்று வரவில்லை.

தலைக்கட்டை

விடிந்ததும் குப்பம் கூடிவிட்டது. முதல் மரம் எங்களுடையதுதான் என்று என் வீட்டுக்காரர் பிடிவாதமாகச் சொல்லி, கட்டைகளைச் சேர்த்துக் கட்டித் தண்ணீர் ஓரத்தில் நிறுத்தியிருந்தார். துடுப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

நான் முழுகினேன். தை மாதத்துத் தண்ணீர் எலும்பில் இறங்கியது. எழுந்து பூவை எடுத்து அலையில் விட்டேன். அது போகவில்லை, கால் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தது. கடல் அவ்வளவு அசையாமல் இருந்தது. நாட்டார் தன் காலால் அதைத் தள்ளிவிட்டார்.

தலைக்கட்டையில் கையை ஓங்கி அடித்தேன். ஒரு கை வளையல் உடைந்தது. மறு கையில் ஒன்று மட்டும் உடையாமல் ஏறிக்கொண்டு தோலைக் கிழித்தது. மறுபடி அடித்தேன். “எடுத்தது போதும், எங்க ஆளுங்களுக்கு வழி வுடு,” என்றேன். என் குரல் நடுங்கவில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன்.

தாலியை நான் கழற்றவில்லை. அது எல்சியுடையது இல்லை, என்னுடையது.

என் வீட்டுக்காரர் என் கையிலிருந்த ரத்தத்தைத் தன் துண்டால் துடைத்துவிட்டு மரத்தைத் தள்ளினார். அவருக்குப் பின்னால் குப்பத்து மரம் அத்தனையும் இறங்கியது. வெயில் உச்சிக்கு வருவதற்குள் எல்லா மரமும் நிறைந்து வந்தது. அன்று எல்லா வீட்டிலும் புகை எழுந்தது. ராணி வீட்டிலும்.

எனக்கும் மீன் வந்தது. நாட்டார் பெண்சாதி நல்ல மீனாகப் பொறுக்கி எடுத்து வந்தாள். கையில் கொடுக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

அப்போது எனக்குப் புரியவில்லை. மாசியில் ஒரு கலியாணம் வந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா மகளுக்குத்தான். மஞ்சள் இடிக்கச் சுமங்கலிகளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள், என் வீட்டைத் தாண்டிப் போனார்கள். குப்பத்துக்கு வளையல் சரங்களைக் கோத்த மலாரத்தோடு வருகிற செட்டி எல்லாப் பெண்களுக்கும் போட்டுவிட்டு, என் கையைப் பார்த்ததும், “உன் அளவு இல்லம்மா” என்று மூட்டையைக் கட்டினான். கலியாணத்தில் எனக்குப் பந்தலின் ஓரத்தில், தாலி அறுத்தவர்களோடு இலை போட்டார்கள். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த என் புருஷன் சாப்பிடாமல் எழுந்து போனார்.

படம்

அடுத்த மழைக்காலம் கழிந்து அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். எல்ஹாவனிலிருந்து ஒரு படம் வந்திருந்தது. எல்சி, கையில் ஒரு கொத்துப் பூ. பக்கத்தில் ஒரு ஆள். அதே தூக்கல் பல் சிரிப்பு.

“மறுகலியாணம் பண்ணிக்கிட்டாளாம். அவ்வோ ஊர்ல அது சகஜந்தான், தாயி,” என்றார் அண்ணாச்சி, தப்புச் செய்தவர் மாதிரி.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வழி தெரிந்த மாதிரி இருந்தது. படத்தை எடுத்துக்கொண்டு நேரே அம்மன் கோயில் வாசலில் நாட்டார் பஞ்சாயத்து பேசிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனேன். பெண்கள் போகக் கூடாத இடம். போனேன்.

“நாட்டாரே, இத பாருங்க. இவ தாலி போனதுக்குத்தான் நான் வளையல் ஒடச்சேன். இப்போ இவளே பூ வெச்சிகினா. என் வளையல எனக்குக் குடுங்க.”

“த்தூ, கலீஜ் பிடிச்ச ஊரு,” என்றது ஒரு கிழவி தூரத்திலிருந்து. “அதப்போய் தங்கச்சின்னா இவ!”

நாட்டார் படத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

“நீ கேக்கறது நாயம்தான் பவுனு. அவ சாவ நீ வாங்கிகினே. அத திருப்பிக் குடுத்துட்டேன்னு சொல்லு, நானே உனக்கு வளையல் வாங்கிப் போட்றேன். ஆனா நீ அத திருப்பிக் குடுத்தா, நீ தொறந்த கடலு மறுபடி மூடிக்கும். அப்புறம் தொறக்கறது யாரு?”

அன்று கடல் நல்ல கடல். கீழே மரங்கள் வந்துகொண்டிருந்தன. பெண்கள் கூடையோடு இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். அதில் ராணியும் ஓடினாள். அவள் வயிறு மறுபடி பெருத்திருந்தது.

நான் படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

“சரி, வுடுங்க,” என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

என் வீட்டுக்காரர் அதன் பிறகு பல வருஷம் இருந்தார். அத்தனை வருஷமும் ஒரு வளைகாப்புக்கும் என்னை யாரும் கூப்பிடவில்லை. அவர் என்னைத் திருவொற்றியூர்க் கோயிலுக்குக் கூட்டிப் போகும்போது, எங்களைத் தெரியாத பூக்காரியிடம் பூ வாங்கித் தருவார். கோயில் வாசல் வரைக்கும் வைத்திருந்துவிட்டு, திரும்புகிற வழியில் எடுத்துவிடுவேன்.

அன்று கோயில் வாசலிலிருந்து படத்தோடு நான் அண்ணாச்சி கடைக்குத் திரும்பிப் போனேன். கலியாணத்துக்கு அக்கா வீட்டுச் சீர் அனுப்ப வேண்டும் என்றேன். சங்கத்துப் பெண்கள் ஒருத்தியும் மறுகலியாணத்துக்குச் சீர் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. எனக்கு வைத்திருந்த சிவப்புப் புடவை ஒன்று, கட்டாதது, பெட்டியில் இருந்தது. அதைக் கொடுத்தேன்.

அண்ணாச்சி பேனாவை எடுத்தார். எழுதாமல் என்னையே பார்த்தார்.

“இங்க உனக்கு நடந்ததெல்லாம் அவளுக்கு எழுதட்டா, தாயி? அவளுக்குத் தெரியாண்டாமா?”

“இன்னா அண்ணாச்சி பேசறீங்க? புதுப்பொண்ணுகிட்ட யாராவது சாவு சேதி சொல்லுவாங்களா?” என்றேன். “எல்லாரும் சௌக்கியம், கடல் தொறந்து கீதுன்னு எழுதுங்க.”